இறுகாத கன்னி மூலை

மாரியப்பன் போட்ட தளம் இறுகவில்லை என்ற பேச்சு, தோட்டத்திலிருந்து நாமகிரிப்பேட்டைக் கடைவீதிக்குப் போய்ச் சேர அரை நாள்கூட ஆகவில்லை. நல்ல பேச்சு நடந்துதான் போகும். கெட்ட பேச்சுக்கு எவனாவது வண்டி கொடுத்துவிடுவான்.

மாரியப்பன் கட்டட மேஸ்திரி. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியாரோடு சண்டை, அதோடு படிப்பு முடிந்தது. எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. சிமெண்டு மூட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துத்தான் இறக்குவார். கடைக்காரன் சத்தியம் செய்தால் இன்னொரு தடவை விரலை விடுவார். ரசமட்டம் சரியென்று காட்டினாலும் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். தூக்குக்குண்டும் சரியென்றால் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பார். மழை வராது என்று டிவியில் சொன்ன அன்றைக்கு மறக்காமல் தார்ப்பாய் எடுத்துக்கொண்டு போவார். பேசுகிற பேச்சும் அப்படித்தான், உளி மாதிரி இருக்கும். ஆனால் அவர் போட்ட தளம் ஒழுகியது என்று இந்தப் பக்கத்தில் யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு பேரை வைத்துக்கொண்டுதான் அத்தனை பேச்சும்.

வீடு சின்னுசாமிக் கவுண்டருடையது. மகள் கிருத்திகாவுக்கு வைகாசியில் கல்யாணம் குறித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்தால் புது வீட்டுப் படி ஏற வேண்டும் என்று கவுண்டர் பழைய ஓட்டு வீட்டை இடித்துப்போட்டார். இப்போது குடும்பம் முழுக்க மோட்டார் ரூமிலும் தகரக் கொட்டாயிலும் கிடந்தது. இரும்புக் கட்டில் கிணற்று மேட்டில், பீரோ வேப்பமரத்தடியில், அதற்கு மேல் ஒரு தார்ப்பாய்.

பிளான் போட்டது சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிற ஓர் ஆபீஸ். அங்கே இன்ஜினியராக இருக்கிற தனப்பிரியா, கவுண்டர் மனைவி பொன்னாத்தாளின் அண்ணன் மகள். தளத்துக்குக் கம்பி கட்டி முடித்த அன்று அவள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். நூல் மாதிரி ஐந்து ஒயர்களை எடுத்து, நாலு மூலைக்கு நாலும் நடுவில் ஒன்றுமாகக் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள். ஒயர்களின் மறுமுனை ஒரு சின்ன டப்பாவுக்குள் போனது. காங்கிரீட்டுக்குள் எவ்வளவு சூடு ஏறுகிறது என்று அந்த டப்பா செல்போனுக்குச் சொல்லுமாம். போனுக்குள் இருக்கிற ஏ.ஐ., அந்தச் சூட்டையும் கலவையின் அளவையும் வெயிலையும் பனியையும் சேர்த்து வைத்து, தளத்துக்கு எவ்வளவு பலம் வந்திருக்கிறது, தளத்தைத் தாங்குகிற முட்டுகளை எப்போது பிரிக்கலாம் என்று கணக்குச் சொல்லுமாம்.

மாரியப்பன் சாரத்தில் உட்கார்ந்து பீடி பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்தார்.

"காங்கிரீட்டுக்கு நாடி புடிக்கறீங்களா அம்மிணி?"

"ஆமாங்க மேஸ்திரி. சிமெண்டு வேலை செஞ்சா உள்ள சூடு ஏறும். சூடு ஏறுனாத்தான் உசுரு இருக்குதுன்னு அர்த்தம்."

"தளத்து மேல தண்ணி நின்னா பலம் வரும். இத ஒரு போனு வந்து எனக்குச் சொல்லோணுமா?" என்று பீடியைச் சுண்டிவிட்டு எழுந்து போனார். அவள் சிரித்துக்கொண்டே மிச்ச ஒயரைக் கட்டினாள்.

தை மாதத்து வளர்பிறையில் தளம் போட்டார்கள். விடியும்போதே கலவை மிஷின் உறுமத் தொடங்கிவிட்டது. ஒரு பக்கம் ஜல்லி, ஒரு பக்கம் மணல், நடுவில் சிமெண்டு அடுக்கு, கிட்டத்தில் தண்ணீருக்கு இரண்டு இரும்பு டிரம்கள். கலவையைச் சட்டியில் வாங்கிக் கை மாற்றிக் கை மாற்றிச் சாரத்தில் ஏற்றுகிற வரிசையில் முதல் ஆள் மாரியப்பனின் மனைவி குஞ்சம்மாள். அவள் கை நின்றால் வரிசை நின்றுவிடும். அவள் வாய் நின்றால் வரிசைக்குத் தூக்கம் வந்துவிடும். புதிதாக வேலைக்கு வந்த ரஞ்சிதாவைப் பார்த்து, "ஏம்புள்ள, கலவைச் சட்டி தூக்கறயா, சீர்த்தட்டு தூக்கறயா? வெரசாக் குடு, மாப்பிள்ள ஒண்ணும் ஓடிப்போயிர மாட்டான்" என்றாள். சாரம் முழுக்கச் சிரித்தது. மேலே மாரியப்பன் முழங்கால் வரை கலவையில் நின்றுகொண்டு மட்டப்பலகையை இழுத்தார்.

மத்தியானச் சோற்றுக்குப் பின் பொன்னாத்தாள் பித்தளை அண்டா நிறையப் பானகம் கொண்டுவந்தார். தளம் போடுகிற அன்றைக்கு வேலையாட்களுக்குப் பானகம் ஊற்றுவதாகக் குலதெய்வத்துக்கு வேண்டுதல். விடியற்காலையே கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தது. அன்றைக்குப் பார்த்து ஒரே மூடாப்பு, பனி முழுசாக விலகவே இல்லை. ஆட்கள் சாஸ்திரத்துக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டு டீக்குப் போய் நின்றார்கள். பாதி அண்டா மிஞ்சிவிட்டது.

சாமி முன்னால் வைத்த பானகத்தைக் கால் படுகிற இடத்தில் கொட்டக் கூடாது. சுற்றிலும் சிமெண்டுச் சேறும் ஆட்களின் காலடியும்தான். பொன்னாத்தாள் அண்டாவை வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் பார்ப்பதை மாரியப்பன் மேலேயிருந்து பார்த்தார்.

"ஏனுங்கம்மா, அந்த டிரம்முத் தண்ணியிலயே ஊத்தி உடுங்க. கலவையோட மேல வந்துரட்டும். கால்ல படாது, உங்க சாமியும் ஊட்டுக்குள்ளயே குடியிருக்கும்."

"ஒண்ணும் ஆகாதா மேஸ்திரி?"

"என்ற அப்பன் காலத்துல சுண்ணாம்புக்கு வெல்லத்தண்ணியுங் கடுக்காயுந்தானுங்க. அந்தச் செவுத்த இன்னைக்கு இடிக்கப் போனாக் கடப்பாறை மழுங்கிப் போவும். தாராளமா ஊத்துங்க."

பொன்னாத்தாள் ஊற்றினார். அந்த டிரம் தண்ணீர் கடைசியாகப் போட்ட தென்மேற்கு மூலைக்குப் போனது.

மறுநாள் காலையில், தளத்தின் மேல் தண்ணீர் நிறுத்தப் பாத்தி கட்டுவதற்காக மாரியப்பன் மேலே ஏறினார். மூன்று மூலையும் நடுவும் கல்லாகக் கிடந்தன. தென்மேற்கில் கால் வைத்தார், பெருவிரல் பதிந்தது. பனியாக இருக்கும் என்று நினைத்து, சாக்கை நனைத்துப் போட்டு மூடினார். அடுத்த நாளும் விரல் பதிந்தது. அதற்கு அடுத்த நாளும் அந்த மூலை ஆறிப்போன களி மாதிரிதான் இருந்தது. மேலாக ஒரு தோல், அழுத்தினால் உள்ளே பொதபொதவென்று ஈரம். இத்தனை வருசத்தில் அவர் கண்டிராத சங்கதி.

வேறு மூலையாக இருந்திருந்தாலும் கவுண்டர் கொஞ்சம் பொறுத்திருப்பார். தென்மேற்கு என்பது கன்னி மூலை. வீட்டின் பாரம் அங்கேதான் நிற்க வேண்டும் என்று வாஸ்து பார்க்கிறவர்கள் சொல்வார்கள். கல்யாணத்தை வைத்துக்கொண்டு கன்னி மூலை இறுகாமல் கிடந்தால் யாருக்கு மனசு ஒப்பும்? ஒறம்பரைச் சொந்தங்கள் வந்தார்கள், பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்தார்கள். ஒருத்தர் விடாமல் ஏறி, மூலையை ஒரு விரல் அழுத்திவிட்டுத்தான் இறங்கினார்கள். முதலில் சிமெண்டு டூப்ளிகேட் என்றார்கள். அதே சிமெண்டில் மற்ற பக்கம் கல்லாகிக் கிடந்ததால் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

அப்போதுதான், தளத்துக்குச் சென்ட்ரிங் பலகை அடித்த காளிதாஸ், டப்பாவைக் கையால் காட்டி, "உள்ளுக்குள்ள ஒயர ஓட்டி கரண்டு உட்டா சிமெண்டு எப்பிடிங்க கட்டும்?" என்றான். கூட்டம் முழுக்க ஒயரைப் பார்த்தது. மாரியப்பனும் பார்த்தார். மூன்று நாளாக மூச்சு முட்டிக்கொண்டிருந்தவருக்கு ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது. "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். அவர் சொன்னது வேறு. ஆனால் அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

தனப்பிரியா அன்றைக்கே ஓடிவந்து தளத்தின் மேல் ஏறினாள். போனை எடுத்து மாமனுக்குக் காட்டினாள். நாலு கோடுகள் மலை மாதிரி ஏறி இறங்கியிருந்தன. ஒரு கோடு மட்டும் வெயிலில் படுத்த நாய் மாதிரி அசையாமல் கிடந்தது. அது கன்னி மூலை ஒயர். ஒயரில் ஓடுகிற கரண்டு சின்ன பாட்டரிக் கரண்டுதான் என்றாள். ஒயர் கெடுப்பதாக இருந்தால் ஐந்து இடமும் கெட்டிருக்க வேண்டும், நாலு இடம் எப்படி நன்றாக இருக்கிறது என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். கோபத்தில் இருக்கிறவன் காதில் நியாயம் ஏறாது.

"அப்ப கோளாறு என்னன்னு உன்ற போனையே கேட்டுச் சொல்லு சாமி" என்றார் கவுண்டர்.

"கேட்டனுங்க மாமா. தெரியலைங்குது."

காளிதாஸ் குபீரென்று சிரித்துவிட்டான். "தெரியாததுக்கா இத்தனை ஒயரு?"

தனப்பிரியாவின் காது சிவந்துவிட்டது. இருந்தாலும் போனில் வந்ததை விடாமல் படித்தாள். அந்த இடத்தில் சிமெண்டு செத்துவிட்டது என்று சொல்ல முடியாது, தாமதப்பட்டிருக்கலாம். முட்டுகளைத் தொடாதீர்கள், மேலே நடக்காதீர்கள், ஈரச் சாக்கை எடுக்காதீர்கள். காரணம் எனக்குத் தெரியவில்லை. அங்கே இருந்த ஆட்களைத்தான் கேட்க வேண்டும், அந்தப் பகுதிக்குப் போன தண்ணீரிலோ கலவையிலோ வேறு ஏதாவது சேர்ந்ததா என்று.

"எண்ணெய் பட்ட டிரம்மா, உரம் கலக்கற டிரம்மான்னு கேக்குதுங்க. இல்லாட்டி சக்கரை, வெல்லம், கரும்புப்பாலு, இப்பிடி இனிப்பு எதாச்சும் சேந்துச்சான்னும் கேக்குது. கொஞ்சமாச் சேந்தாலும் போதுமாம், சிமெண்டு நாள்கணக்குல இறுகாதாம்."

மாரியப்பன் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கையிலிருந்த தண்ணீர் மக்கு அந்தரத்தில் நின்றது. பொன்னாத்தாள் தூரத்தில் தகரக் கொட்டாயில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார், அவர் காதில் இது விழவில்லை. மேலே இருந்தவர்களில் பானகம் ஊற்றியதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. மாரியப்பன் மக்கை மெதுவாக இறக்கி, மிச்சத் தண்ணீரைப் பாத்தியில் ஊற்றினார். வாயைத் திறக்கவில்லை.

கவுண்டர் முடிவு செய்துவிட்டார். திங்கட்கிழமை உடைக்கிற மிஷின் வரும், கன்னி மூலையைப் பெயர்த்துப்போட்டுவிட்டு மறுபடி போடுவது. அதற்குள் மருமகள் தன் ஒயரையும் டப்பாவையும் எடுத்துக்கொள்ளட்டும். "ஆபீசும் வேண்டா, ஒண்ணும் வேண்டா. கோவிச்சுக்காத சாமி" என்றார். பிறகு மாரியப்பன் பக்கம் திரும்பி, "உன்ற மேல ஒரு தப்புமில்ல மேஸ்திரி, நீ மனசு உட்டுராத" என்றார்.

நாலு வசவு வைதிருந்தால்கூட மாரியப்பன் தாங்கியிருப்பார். இந்த ஆறுதல்தான் ஆணி மாதிரி இறங்கியது.

ஒரு மூலையை மட்டும் பெயர்ப்பது லேசான காரியமில்லை என்று அவருக்குத் தெரியும். அந்த மூலையில் இரண்டு பீம் வந்து சேர்கிறது. மிஷின் ஆடுகிற ஆட்டத்தில் நன்றாக இருக்கிற பக்கமும் விரிசல் விட்டுப்போகும், கம்பி வளையும், ஒட்டுப்போட்ட இடத்தில் தண்ணீர் இறங்கும். கல்யாணத்துக்கு வீடு ஆகாது. பீரோ வேப்பமரத்தடியிலேயே நிற்க வேண்டியதுதான்.

பொழுது இறங்கும்போது வீட்டுக்குப் போனார். குஞ்சம்மாள் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்திருந்தாள். பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். அவள் பார்த்தாள்.

"சோத்தத் தின்னறயா, கலவை போடறயா?"

அப்புறம்தான் சொன்னார். பானகத்தைச் சொன்னார், போன் கேட்ட கேள்வியைச் சொன்னார், கவுண்டர் சொன்ன ஆறுதலையும் சொன்னார். குஞ்சம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். வரிசையின் முதலில் நின்றவள், அந்த டிரம் தண்ணீரில் குழைந்த கலவையை அவளும்தான் சட்டி சட்டியாகத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

"போயிச் சொல்லிப்போடு."

"எப்பிடிச் சொல்லச் சொல்ற? சாமி பானகம். அந்தம்மா கையால ஊத்துனது. அதனாலதான் கன்னி மூலை கெட்டுப்போச்சுன்னு கண்ணாலம் வெச்சிருக்கற ஊட்டுல போயிச் சொல்றதா? சாமி குத்தம்பாங்க. மாப்பிள்ள ஊட்டுக்காரங்க காதுல உழுந்தா?"

"ஊத்துனது அந்தம்மா. ஊத்தச் சொன்னது ஆரு? சாமியா வந்து சொல்லுச்சு?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"என்ற பேரு போயிரும்டி" என்றார்.

"உன்ற பேரு அந்த மூலையிலயே போயிருச்சு. இப்ப அந்தப் புள்ள பேரையும் எடுத்து அது மேல ஊத்தப் பாக்கற. அதுக்கு இப்பத்தான் பேரே மொளைக்குது." தட்டை அவர் பக்கம் தள்ளினாள். "தின்னு. வெறும் வகுத்தோட போயி எவனும் நெசத்தச் சொல்ல முடியாது. பாதியிலயே மயங்கி உழுந்துருவ."

மறுநாள் காலையில் மாரியப்பன் போனபோது கவுண்டர் எருமைக்குத் தவிடு காட்டிக்கொண்டிருந்தார். பொன்னாத்தாள் கொட்டாய்க்கு வெளியே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். மாரியப்பன் வண்டியை நிறுத்தினார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். சுற்றி வளைக்கிற பழக்கம் அவருக்கு என்றைக்கும் இல்லை.

"மிசினு வரச் சொல்லாதீங்க கவுண்டரே. மூலையக் கெடுத்தது ஒயரில்லீங்க, நானு. டிரம்முத் தண்ணியில பானகத்த ஊத்தச் சொன்னது நான்தான். நேத்து அந்தப் போனு கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வாய மூடிட்டு இருந்துட்டனுங்க."

பொன்னாத்தாள் கையில் இருந்த விறகோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அய்யோ, சாமி குத்தமா?" என்றார்.

"சாமி குத்தமில்லீங்கம்மா, மேஸ்திரி குத்தம். சாமி குடிக்கத்தான் குடுத்துது. சுண்ணாம்புக்கு ஆவறது சிமெண்டுக்கும் ஆவும்னு நெனச்சது என்ற மண்டை. நீங்க ஒருக்கா கேக்கவும் செஞ்சீங்க, ஒண்ணும் ஆகாதான்னு."

கவுண்டர் தவிட்டுக் கையை உதறினார். அவர் வைத வசவு கிணற்று மேடு வரை கேட்டது. மூலை கெட்டதுக்குக் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் நேற்று வாயை மூடியதுக்கு. மருமகளை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தி அனுப்ப வைத்துவிட்டாயே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மாரியப்பன் தலையைக் குனியாமல் நின்று முழுசாக வாங்கிக்கொண்டார். எருமை மட்டும் தவிட்டைத் தின்றுகொண்டிருந்தது. கடைசியில் கவுண்டரே போனை எடுத்தார்.

தனப்பிரியா வந்ததும் யார் மேலும் கோபப்படவில்லை. எவ்வளவு வெல்லம் போட்டீர்கள் அத்தை, எத்தனை குடம் தண்ணீர், எவ்வளவு மிஞ்சியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு போனில் அடித்தாள். அந்த டிரம் தண்ணீர் எத்தனை மூட்டைக் கலவைக்குப் போனது என்று மாரியப்பனைக் கேட்டாள். அதை அவர் சரியாகச் சொன்னார். அடித்து முடித்துப் பதிலைப் படித்தாள். இந்த அளவு இனிப்புக்குச் சிமெண்டு இன்னும் சில நாள் தூங்கும், பிறகு விழித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். விழித்துவிட்டால் பலம் குறையாமல் வர வாய்ப்பு உண்டு. ஆனால் இது உறுதியில்லை. பத்து நாளைக்குள் சூடு ஏறாவிட்டால் பெயர்த்துவிடுங்கள். சூடு ஏறினாலும், இறுகிய காங்கிரீட்டைச் சோதித்துப் பார்க்காமல் முட்டுகளைப் பிரிக்காதீர்கள். இன்ஜினியர் ஒருத்தர் நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பொன்னாத்தாள் கிட்டே வந்து மெதுவாக, "சாமிக்குக் கோவமான்னும் ஒரு வார்த்தை அதக் கேளு கண்ணு" என்றார்.

"அதெல்லாம் இதுக்குத் தெரியாதுங்க அத்தை."

"தெரியாதுன்னு சொல்லுதா?"

"சொல்லுமுங்க."

"அப்ப நல்லதுதான்" என்று பொன்னாத்தாள் அடுப்புக்குத் திரும்பிவிட்டார்.

கவுண்டர் மூலையை அண்ணாந்து பார்த்தார். பிறகு மாரியப்பனைக் கேட்டார். "நீ சொல்லு மேஸ்திரி. நாளைக்கு எம்பொண்ணும் மாப்பிள்ளையும் இதுக்கடியில படுப்பாங்க. போனு சொல்லுதுன்னு உட்டுரலாமா?"

மாரியப்பன் இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு ஆரையும் நம்பிப் பழக்கமில்லீங்க. ஆனா ஒண்ணு. இந்த மூலைய இத்தன பேரு அமுத்திப் பாத்தாங்க. அத்தன பேருக்கும் காரணம் தெரிஞ்சிருந்துது. சிமெண்டுன்னான் ஒருத்தன், ஒயருன்னான் ஒருத்தன். நானுந்தான் சொன்னேன். எனக்குத் தெரியாது, அங்க இருந்தவனக் கேளுன்னு சொன்னது அது ஒண்ணுதானுங்க. இப்பவும் பாருங்க, நானே சரின்னு நிக்கல, சோதிச்சுப் பாருன்னுதான் சொல்லுது. அந்த மாதிரி ஒரு ஆளு என்கிட்ட வேலைக்கு வந்தா நான் நம்புவனுங்க. பத்து நாளு குடுங்க. இறுகலீன்னா நானே சம்மட்டி எடுத்துப் பேக்கறேன், மிசினு வேண்டா."

கவுண்டர் மூலையை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார். "பத்தே நாளு" என்றார்.

அந்த நாட்களில் மாரியப்பன் வேறு வேலைக்குப் போகவில்லை. விடிந்ததும் வந்து சாக்கை நனைப்பார், பாத்தியில் தண்ணீர் பார்ப்பார், முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். மூலைக்குக் கீழே கூடுதலாக நாலு முட்டுக் கொடுத்தார். காளிதாஸ் சொல்லாமலே இரும்பு ஜாக்கி கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். ஊர் வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில் ஒருத்தன், "மேஸ்திரி, மூலைக்குச் சுக்குக்காப்பி வெச்சுக் குடுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்டான். இன்னொருத்தன், அடுத்த தளத்துக்கு ஜிலேபிச் சாறு ஊற்றுவதாகக் கேள்விப்பட்டேனே என்றான். முன்பானால் மாரியப்பன் டம்ளரோடு எறிந்திருப்பார். இப்போது குடித்துவிட்டு எழுந்து வந்தார். வசவுக்குப் பயந்தால்தானே பொய் சொல்ல வேண்டும், அந்தக் கட்டம் தாண்டிவிட்டதே என்று ஒரு விடுதலைகூட இருந்தது.

ஒரு நாள் காலை, பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேலே ஏறி வழக்கம்போலக் கன்னி மூலைச் சாக்கைத் தூக்க அடியில் கை விட்டார். கையை எடுக்கவில்லை. இன்னொரு கையையும் விட்டார். பிறகு எழுந்து எதிர்மூலைக்குப் போய் அங்கே சாக்குக்கு அடியில் கை வைத்தார். அங்கே ஐஸ் மாதிரி இருந்தது. திரும்பி வந்து கன்னி மூலையில் வைத்தார். வெதுவெதுப்பு. கன்றுக்குட்டியின் வயிற்றில் கை வைத்த மாதிரி. தன் கையையே நம்பாமல் துண்டில் துடைத்துவிட்டு மூன்றாம் தடவையும் வைத்தார். அந்த நேரம் போன் அடித்தது. தனப்பிரியா.

"மேஸ்திரி, தோட்டத்துலயா இருக்கறீங்க?"

"ஆமாங்க அம்மிணி. போனு என்னங்குது?"

"நீங்க மொதல்ல சொல்லுங்க. நான் சொல்லீட்டா நீங்க அதையே சொல்லிருவீங்க."

"நான் எதுக்குச் சொல்லோணும்? நீங்க சொல்லுங்க."

கடைசியில் மாரியப்பன்தான் விட்டுக்கொடுத்து, "சுடுதுங்க" என்றார். அந்தப் பக்கத்தில் தனப்பிரியா, "கோடு எந்திரிச்சிருச்சுங்க மேஸ்திரி" என்றாள். மாரியப்பனுக்குப் பனியில் கண் கரித்தது. பனிதான் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அழுத்தியபோது விரல் பதியவில்லை. மறுநாள் ஆணி கீறவில்லை. மாசி பிறந்து, நாள் கணக்கு முடிந்து, தனப்பிரியா சேலத்திலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தாள். அவர்கள் ஸ்பிரிங் சுத்தியால் எல்லா மூலையையும் தட்டிப் பார்த்தார்கள். கன்னி மூலையில் ஒரு துண்டை உருளையாகக் குடைந்து எடுத்துக்கொண்டுபோய் அமுக்கிப் பார்த்தார்கள். மற்ற மூலைக்குக் குறையவில்லை, ஒரு இம்மி கூடத்தான் இருந்தது. பிரிக்கலாம் என்று போனும் சொன்னது, இன்ஜினியரும் சொன்னாள்.

"ரண்டு பேரும் சொல்றது செரிதானுங்க. இன்னும் ஒரு வாரம் நிக்கட்டும்" என்றார் மாரியப்பன்.

தனப்பிரியா மறுத்துப் பேசவில்லை. அதையும் போனில் எழுதி வைத்தாள். "என்ன எழுதுனீங்க?" என்று கேட்டார். "மேஸ்திரிக்காக ஒரு வாரம்னு" என்றாள். அவர் சிரித்ததை அந்தத் தோட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

முட்டுப் பிரித்தபோது மூலை நூல் அளவும் இறங்கவில்லை. பலகை கழற்றிய அடிப்பக்கம் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் பழுப்பாக இருந்தது, அவ்வளவுதான். குஞ்சம்மாள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, பூசினால் தெரியாது என்றாள்.

ஆனால் கவுண்டர் மட்டும் மேலே போனால் அந்த மூலைப் பக்கம் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டே போனார். இறுகிய பிறகும் அப்படித்தான், சோதித்த பிறகும் அப்படித்தான். அதை மாரியப்பன் கவனித்தார். போன் ஒப்புக்கொண்டு, சுத்தி ஒப்புக்கொண்டு என்ன செய்ய? வீட்டுக்காரன் கால் ஒப்புக்கொள்ள வேண்டுமே.

மாசிக் கடைசியில், தோட்டத்தில் வெட்டிய மஞ்சளை வேக வைத்தார்கள். மாரியப்பன் கீழே சமையலறைச் சுவர் பூசிக்கொண்டிருந்தார். களத்தில் காயப்போட இடம் போதாமல் ஆட்கள் மஞ்சளை மூட்டை மூட்டையாக மாடிக்கு ஏற்றத் தொடங்கினார்கள். எங்கே இறக்குவது என்று கீழேயிருந்து ஒருத்தன் கேட்டான். கவுண்டர் தன் தலையில் ஒரு மூட்டையை வாங்கிக்கொண்டு படி ஏறினார். மாரியப்பன் பூச்சுக் கரணையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஏறினார்.

கவுண்டர் நேராகக் கன்னி மூலைக்குப் போனார். மூட்டையை மெதுவாக வைக்கவில்லை, தொப்பென்று போட்டார். அடுத்த மூட்டையையும் அங்கேயே போடச் சொன்னார், அதற்கு அடுத்ததையும். மூலை நிறைய மூட்டைகள் குவிந்தன. அவிழ்த்துக் கொட்டிப் பரப்பியதும் கன்னி மூலை முழுக்க மஞ்சளாகிக் கிடந்தது, வெந்த வாசனை மேலேயும் கீழேயும் அடித்தது. கவுண்டர் அந்த மூலைக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டார்.

"மேஸ்திரி, கட்டுத்தரைக்கும் தகரத்த எடுத்துப்போட்டுத் தளமே போட்டரலாம்னு இருக்கறேன். கண்ணாலத்துக்கு முந்தி முடிச்சுத் தர முடியுமா?"

மாரியப்பன் பூச்சு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முடிச்சரலாமுங்க. அம்மிணிக்கு இப்பவே ஒரு போனப் போடுங்க. ஒயரு எடுத்துட்டு வரோணும்."

"மாட்டுக் கட்டுத்தரைக்கா?"

"மாடும் உசுருதானுங்களே" என்றார் மாரியப்பன்.